உங்களுக்குத் தெரியுமா? ஒரே குண்டு, ஒரு மான்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டிசம்பர் 26ஆம் தேதி ஒரு மான் வேட்டைக்காலம் தொடங்குகிறது. ஜனவரி வரை நீளும். அதற்குரிய துப்பாக்கி, சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறக்கும் பழங்காலத்து வகை. குழாயின் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். தொலைநோக்கி பொருத்தக் கூடாது. 1974இல் தொடங்கிய ஏற்பாடு இது. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியை அங்கே ‘மஸில்லோடர்’ என்பார்கள். பல மாநிலங்கள் நவீன மஸில்லோடர்களுக்கு இடம் கொடுத்துவிட்ட பிறகும், பென்சில்வேனியா இந்தக் குளிர்காலப் பருவத்தைக் கல் துப்பாக்கிக்கென்றே வைத்திருக்கிறது.

ஒரு தரம் சுட்டுவிட்டால் மறுபடி கெட்டிக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மான் அதுவரை நிற்காது. அதனால் சுட்ட பிறகு அந்த மானைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேட்டையின் கடினமான பாதி. ஒரு வேட்டைக்காரரின் தரம் தெரிவதும் அங்கேதான்.

நமக்குத் தெரிந்த துப்பாக்கிதான்

நம் ஊரில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்கிறோமே, அதுவும் இதே வாய்வழி கெட்டிக்கும் இனம். நரிக்குறவர்களின் தோளில் ஒரு காலத்தில் தொங்கியது அதுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த அதன் திருத்தமும் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அமெரிக்காவில் அது உரிமம், பருவம், எண்ணிக்கை வரம்பு என்று கட்டுப்பாட்டோடு தொடர்கிறது.

பீகார் மண்ணும் அமெரிக்கப் போரும்

இந்தத் துப்பாக்கியில் போடும் கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரியும் கந்தகமும் சுலபமாகக் கிடைத்துவிடும், வெடியுப்புதான் பெரும்பாடு. 19ஆம் நூற்றாண்டில் உலகுக்கே அதை அள்ளிக் கொடுத்தது பீகார். வீட்டோரத்து மண்ணையும் மாட்டுக்கொட்டில் மண்ணையும் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்துக் காய்ச்சி எடுப்பார்கள். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வட மாநிலங்களுக்காக டூபான்ட் கம்பெனியின் லாமோ டூபான்ட் லண்டனுக்கே போய் இந்திய வெடியுப்பை வாங்கிக் குவித்தார். ‘ட்ரென்ட்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பற்றிய தகராறில் பிரிட்டன் அந்தச் சரக்கைத் தடுத்து வைத்தது. அந்தக் கப்பலிலிருந்து பிடித்துப் போன தென் மாநிலத் தூதர்களை அமெரிக்கா விடுவித்த பிறகுதான் ஏற்றுமதிக்கு வழி பிறந்தது.

கல்லா, இரும்பா?

பொறியாகப் பறப்பது கல் அல்ல. கூரான கல் எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சீவுகிறது. சீவப்பட்ட இரும்புத் துகள்கள்தான் காற்றில் எரிந்து பொறிகளாகின்றன. அவை சின்னக் கிண்ணத்தில் உள்ள பொடிமருந்தில் விழுகின்றன. அங்கே எழும் தீ, குழாயின் பக்கத்திலுள்ள ஊசித்துளை வழியாக உள்ளே பாய்ந்து பெரிய மருந்தைப் பற்ற வைக்கிறது. விசையை இழுப்பதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கும். கண்ணுக்கு முன்னால் தீ எழுந்தாலும் அசையாமல் குறியில் நிற்பதுதான் பயிற்சி.

கிண்ணத்து மருந்து ஈரத்தை இழுக்கும். பனியும் தூறலுமான நாளில் விசைப் பகுதியின் மேல் கொழுப்பு தடவிய தோலைக் கட்டிவைப்பார்கள். சாயங்காலம் வேட்டை முடிந்ததும் கெட்டித்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவருவதும் ஆபத்து. சில்லிட்ட இரும்பில் வியர்த்து மருந்து நமத்துப் போகும்.

துணியில் சுற்றிய குண்டு

50 காலிபர் குழாய்க்கு ஈய உருண்டை அதைவிடச் சற்றே சிறியதாக இருக்க வேண்டும். கொழுப்பில் நனைத்த பருத்தித் துணித் துண்டு அந்த இடைவெளியை அடைக்கிறது. குழாயின் உட்சுவரில் உள்ள திருகுக் காடிகளைப் பற்றிக்கொண்டு உருண்டையைச் சுழல வைப்பதும் அந்தத் துணிதான். குண்டு மருந்தின் மேல் நன்றாகப் படிந்திருக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் விட்டால் குழாயே வெடித்துவிடக்கூடும். அதற்காக இடிகம்பியில் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள். கோடு குழாய் வாய்க்கு நேராக வந்தால் சரி.

1857இல் சிப்பாய்களைக் கொதிக்க வைத்த கொழுப்புத் தோட்டா விவகாரமும் இத்தகைய துப்பாக்கியைச் சுற்றியதே. என்ஃபீல்டு ரைஃபிளும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிதான்.

1985இல் மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் ‘எம்.கே.-85’ என்ற நவீன வடிவத்தைக் கொண்டுவந்தார். குழாயின் நேர்ப்பின்னால் தீமூட்டும் இந்த அமைப்பு பழைய கருவியின் சங்கடங்கள் பலவற்றைத் தீர்த்தது. இன்று அமெரிக்காவில் மஸில்லோடர் வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது இந்த வகையே.

சுட்டதும் எதுவும் தெரியாது

கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடத் துகளாகவே மிஞ்சும். அதுதான் அந்த அடர்ந்த வெண்புகை. காற்றில்லாத காலையில் மான் நின்ற இடமே மறைந்துவிடும். அனுபவசாலிகள் சட்டென்று குனிந்து புகைக்கு அடியில் பார்ப்பார்கள், அல்லது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். சருகு எந்தப் பக்கம் முறிந்தது, கடைசியாகச் சத்தம் எங்கே அடங்கியது என்பது முக்கியம். பக்கத்தில் தள்ளி இன்னொருவர் நின்றிருந்தால் மான் எப்படி ஓடியது என்று சொல்ல முடியும். பின்னங்காலை உதறித் துள்ளினால் மார்பில் பட்டிருக்கலாம். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்தால் பெரும்பாலும் வயிற்றில்.

ரத்தத்தின் நிறம்

மான் இருதயத்தில் அடிபட்டாலும் நூறு கெஜம் ஓடிவிடும். உருண்டைக் குண்டு வேகம் குறைந்து மறுபக்கம் வெளிவராமலே நின்றுவிடுவதும் உண்டு. அப்போது ரத்தம் உள்ளேயே தேங்கும். தரையில் துளிகூடத் தெரியாத தூரம் இருக்கும். குண்டு தவறிவிட்டது என்று வேட்டைக்காரர் வீடு திரும்பும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தேடாமல் திரும்புவதை நான் எந்தக் காரணத்தாலும் ஏற்க மாட்டேன்.

முதலில் மான் நின்ற இடம். அங்கே உதிர்ந்த ரோமமே ஒரு சாட்சி: கரடுமுரடான பழுப்பு ரோமம் என்றால் மேலுடம்பு, வெள்ளை ரோமம் என்றால் அடிவயிறு. பிறகு ரத்தம். இளஞ்சிவப்பாக, சின்னச் சின்ன நுரைக் குமிழிகளோடு இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையும் பழுப்புமாக, அரைபட்ட இலைத் துணுக்குகளோடு புளித்த வாடை அடித்தால் குடலோ இரைப்பையோ.

காத்திருக்கும் நேரத்தை அந்த நிறம்தான் தீர்மானிக்கிறது. நுரையீரல் என்றால் அரை மணி போதும். ஈரல் என்றால் சில மணி நேரம். வயிறு என்றால் பாதி நாள்கூட விட்டுவைப்பார்கள். அவசரப்பட்டுத் துரத்தினால், படுத்திருக்கும் மான் எழுந்து மைல் கணக்கில் போய்விடும்; பிறகு கிடைப்பது அபூர்வம்.

தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடப்பார்கள். கடைசித் துளி கண்ட இடத்தில் ஆரஞ்சு நாடா ஒன்றைக் கட்டுவார்கள். நாலைந்து நாடா கட்டியபின் திரும்பிப் பார்த்தால் மான் போன திசை ஒரு கோடாகத் தெரியும். ரத்தம் தரையில் மட்டும் இருக்காது. புல்லின் பக்கவாட்டில், இடுப்பளவு செடியில் உரசி ஒட்டியிருக்கும். சருகில் இருக்கும் புள்ளி ரத்தமா, இலையின் செந்நிறமா என்று சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பீச்சு. ரத்தமானால் உடனே நுரைக்கும்.

விழுந்து கிடந்தாலும் பின்பக்கமாகவே நெருங்க வேண்டும். கண் திறந்திருக்கிறதா என்று பார்த்து, நீண்ட குச்சியால் விழியைத் தொடுவார்கள். இமைக்காவிட்டால்தான் கிட்டே போகலாம்.

மோப்ப நாய்க்குச் சட்டம்

தடம் அறுந்துபோனால் கயிற்றில் பிடித்த நாயை வரவழைக்கலாம். பென்சில்வேனியாவில் இதற்குச் சட்டம் இடம் தந்தது 2018இல்தான். நாய் மோப்பம் பிடிப்பது ரத்தத்தை மட்டுமல்ல. குளம்புப் பிளவின் நடுவே உள்ள சுரப்பி ஒவ்வோர் அடியிலும் விட்டுச்செல்லும் வாடையையும்தான். ரத்தம் சொட்டாத இடத்திலும் அந்த ஒரு மானை அது பிரித்தறிவது இதனால்தான். இதை இன்னும் முன்பே அனுமதித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடிபட்ட மான் பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டால்? நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் காலடி வைக்க வேண்டும்.

காதில் சீட்டு

மானைக் கண்டதும், அதை நகர்த்துவதற்கு முன்பே, உரிமத்தோடு வந்த சீட்டை நிரப்பிக் காதில் கட்டிவிட வேண்டும். பத்து நாளுக்குள் வனவிலங்கு ஆணையத்துக்குக் கணக்கும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு எத்தனை உரிமம் கொடுப்பது என்பது இந்தக் கணக்கையும் பார்த்து முடிவாகிறது.

கொம்பில்லாத ஆண்

இந்த வேட்டையில் சுடப்படும் வெள்ளைவால் மானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஜனவரி நெருங்கும்போது சில ஆண் மான்கள் மொட்டைத் தலையோடு திரியும். சட்டத்தின் கண்ணில் அவை கொம்பில்லா மான்கள்தான். நெற்றி உருவத்தை வைத்துப் பிரித்தறியத் தெரியாதவர், பெண் மான் என்று நினைத்து ஆணைச் சுட்டுவிடுவார்.

ஐந்து லட்சத்திலிருந்து மூன்று கோடி

சந்தை வியாபாரத்துக்காகக் கண்டபடி சுட்டதில், 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் ஐந்து லட்சம் அளவுக்குத் தேய்ந்துவிட்டதாக மதிப்பிடுகிறார்கள். பென்சில்வேனியா 1906 முதல் வெளியிலிருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட வேண்டியிருந்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த 11 சதவீத வரியை வனவிலங்குப் பணிக்கே திருப்பிவிட்டது. இன்று மான்கள் சுமார் 3 கோடி.

இறைச்சி எங்கே போகிறது?

பெரும்பாலும் வீட்டு உறைபெட்டிக்கு. மிச்சமிருந்தால், 1991இல் தொடங்கிய ‘ஹன்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட்’ என்ற திட்டத்தின் வழியாகப் பென்சில்வேனியாவின் உணவு வங்கிகளுக்கு. ஒரு கவலை மட்டும் கூடவே வருகிறது: மான்களை உருக்குலைத்துக் கொல்லும் மூளைநோய். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதன்முதலில் தெரியவந்தது. பென்சில்வேனியாவுக்கு வந்தது 2012இல். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. இருந்தாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்கச் சுகாதாரத் துறையின் அறிவுரை. நோய்ப் பகுதிகளில் பெரிய இரும்புப் பெட்டிகளை வைத்திருக்கிறார்கள். மானின் தலையைப் பையில் கட்டிப் போட்டால் காசில்லாமல் சோதித்து முடிவைச் சொல்லிவிடுவார்கள்.