பழைய மென்பொருளும் புதிய இயங்குதளமும்

சென்ற ஆண்டு இம்மலருக்கெனப் பழைய இதழ் ஒன்றிலிருந்து ஒரு கட்டுரையை மீண்டும் வெளியிட விரும்பினோம். அவ்விதழ் இருபது ஆண்டுகளுக்கு முன் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளைக்கொண்டு பக்கம் அமைக்கப்பெற்றது. அதன் கோப்புகள் ஒரு குறுந்தகட்டிலே பத்திரமாக இருந்தன. தகட்டிற் கீறலில்லை, கோப்புகளிற் குறைவில்லை. ஆயினும், புதிய கணினியிலே அவற்றைத் திறக்க இயலவில்லை. அவ்வாண்டு அச்சிட்ட இதழோ, நூலகத்து அலமாரியினின்று எடுத்த மாத்திரத்தே படிக்கக் கிடைத்தது. பழுதில்லாத பொருள் பயனற்றுப்போன காரணம் யாது? அதற்குப் பரிகாரம் உண்டோ? இவற்றை ஆராய்ந்து அறிந்தவாறு ஈண்டு உரைப்பாம்.

முதற்கண், மென்பொருள் தனித்து நிற்கும் பொருளன்று என்பதை உணர்தல் வேண்டும். அது வாடகை வீட்டிலே குடியிருப்பவனை ஒக்கும். கிணறு எத்திசையில் உள்ளது, விளக்கு எம்மாடத்தில் உள்ளது என்பவற்றைப் பழக்கத்தால் அறிந்து, இருட்டிலும் அவன் தடுமாறாது நடப்பான். கணினியில் அவ்வீடு இயங்குதளமாம். வீடு நிற்கும் நிலம் நுண்செயலியாம். திரையிற் கோடு வரைதல், கோப்பைச் சேமித்தல், எழுத்துருவை எடுத்தல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல் ஆகிய யாவற்றிற்கும் மென்பொருள் இயங்குதளத்தையே வேண்டி நிற்கும். வீட்டுக்காரர் கிணற்றைத் தூர்த்து வேறிடத்தில் வெட்டுவாராயின், குடியிருப்பவன் பழைய இடத்துக்குச் சென்று வெறுங்குடத்துடன் திரும்புவான். பிழை அவனிடத்தும் இல்லை, குடத்திலும் இல்லை.

பேஜ்மேக்கரின் சரிதமே இதற்குத் தக்க சான்றாகும். ஆல்டஸ் என்னும் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் மக்கின்டாஷ் கணினிக்கென அதனை வெளியிட்டது. வெனிஸ் நகரில் அச்சுக்கலையை வளர்த்த ஆல்டஸ் மனூட்டியஸ் என்பாரின் பெயரே அந்நிறுவனத்திற்கு இடப்பெற்றது. 1994இல் அடோபி நிறுவனம் ஆல்டஸை வாங்கியது. 1999இல் இன்டிசைன் என்னும் புதிய மென்பொருளைக் கொணர்ந்தது. 2001இல் பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பை வெளியிட்டது. அதன்பின் புதிய பதிப்பு எழவில்லை. ஆனால், அதனைத் தாங்கிய வீடுகளும் நிலமும் மாறிக்கொண்டே இருந்தன.

ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளின் நுண்செயலியை 1994இல் ஒரு முறையும், 2006இல் மற்றொரு முறையும், 2020இல் மீண்டும் ஒரு முறையும் மாற்றியது. 2001இல் இயங்குதளத்தையே அடியோடு மாற்றியமைத்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையவற்றை ஓட்டுதற்கு ஒரு பாலம் அமைத்தது. சில ஆண்டுகள் கழித்து அப்பாலத்தை நீக்கியது. கிளாசிக் என்ற பாலம் 2007இலும், ரொசெட்டா என்ற முதற்பாலம் 2011இலும் மறைந்தன. 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32 பிட் மென்பொருள்கள் அனைத்தும் நின்றுபோயின. விண்டோஸ் உலகில் மாற்றம் சற்று மெதுவாகவே நிகழ்ந்தது. எனினும், 64 பிட் விண்டோஸிலே பழைய 16 பிட் மென்பொருள்கள் ஓடா. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது.

இங்கே ஒரு விநோதம் காண்க. பேஜ்மேக்கரின் ஆறாம் பதிப்பு முதலாகச் சேமித்த கோப்புகளை இன்டிசைன் திறக்கவல்லது. ஆனால், அவ்வாற்றல் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு முடிந்தது. மக்கின்டாஷிலே அந்த சிஎஸ்6 பதிப்பும் 32 பிட் ஆதலின், கேட்டலினாவில் ஓடாது. பூட்டைத் திறக்கும் திறவுகோலும் மற்றொரு பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது!

நிற்க. தமிழுக்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். பேஜ்மேக்கர் யூனிகோடு முறையை அறியாது. ஆதலின், எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் எழுத்துகளைத் தத்தம் விருப்பப்படி அமைத்தனர். 1999இல் டாம், டாப் என்னும் பொதுக் குறிமுறைகள் வகுக்கப்பட்ட பின்னரும் பல முறைகள் வழங்கின. குறித்த எழுத்துரு இல்லையேல், தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

இனிப் பரிகாரங்களைக் காண்போம். பழைய கணினியையே பேணி வைத்தல் ஒன்று. இஃது எளிது, ஆனால், வன்தட்டும் மின்கலமும் நாளடைவிற் பழுதாகும். மேலும், விண்டோஸ் எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014லும், விண்டோஸ் 10க்குரிய வழக்கமான திருத்தங்கள் 2025லும் நின்றமையால், அத்தகைய கணினிகளை இணையத்தில் இணையாது வைத்தலே நலம். இரண்டாவது, மெய்நிகர் இயந்திரம். அஃதாவது, புதிய கணினிக்குள்ளே மென்பொருளாலாகிய ஒரு கணினியை அமைத்து, அதனுள் பழைய இயங்குதளத்தை நிறுவுதல். வீட்டுக்குள்ளே பழைய வீட்டை அப்படியே கட்டிக் கொடுப்பது போன்றது இது. நுண்செயலியே வேறாயின், அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கும் போலி இயந்திரம் வேண்டும். அது மெதுவாகவே ஓடும். மூன்றாவது, 1993இல் தொடங்கிய வைன் என்னும் திட்டம். அது கணினியைப் போலச் செய்யாது. விண்டோஸிடம் மென்பொருள் கேட்பவற்றிற்கு லினக்ஸிலிருந்தே விடை தருவது.

இவற்றிற்கெல்லாம் ஒரு தடை உண்டு. சில மென்பொருள்கள் நிறுவியவுடன் தம்மை விற்றோரின் வழங்கியிடம் அனுமதி கேட்கும். அவ்வழங்கி மூடப்படின், விலை கொடுத்து வாங்கியவரும் வாயிலிலே நிற்பர். சிஎஸ்2 தொகுதிக்குரிய வழங்கியை நிறுத்தியபோது, 2013இல் அடோபி நிறுவனம் அவ்வனுமதி வேண்டாத பதிப்பைத் தன் பயனாளர்க்கு அளித்தது. எல்லா நிறுவனங்களிடமும் இதனை எதிர்பார்த்தல் கூடாது.

நாம் இரண்டாம் வழியையே மேற்கொண்டோம். கல்லூரியிலிருந்த பழைய தகடுகளைக்கொண்டு மெய்நிகர் இயந்திரத்திலே எக்ஸ்பியையும் பேஜ்மேக்கரையும் நிறுவினோம். கோப்பு திறந்தது, ஆனால், எழுத்துரு இல்லை. அச்சகம் நடத்தும் பழைய மாணவர் ஒருவர் தம் பெட்டியிலிருந்து அதனைத் தேடிக் கொணர்ந்தார். திரையிலே தமிழ் தோன்றியபோது யாம் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரத்ததன்று. பின்னர் அதனை யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றத்தில் நேர்ந்த பிழைகளை நூலகத்து இதழோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். அச்சிட்ட தாள் இல்லையேல் அப்பிழைகள் நம் கண்ணிற் பட்டிரா.

ஆகவே, மாணாக்க நண்பர்காள்! மென்பொருளை என்றும் வாழவைத்தல் நம் கையில் இல்லை. அதனாற் செய்த ஆக்கத்தைக் காத்தல் நம் கையில் உள்ளது. வரைபடமாயினும் இதழாயினும், முடித்த அன்றே மூலக்கோப்போடு பிடிஎஃப் படி ஒன்றையும், யூனிகோடில் அமைந்த வெறும் உரைப் படி ஒன்றையும், பயன்படுத்திய எழுத்துருக்களையும் சேர்த்து வையுங்கள். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். மென்பொருள் இன்னும் ஓடும் காலத்திலேயே இதனைச் செய்தல் எளிது. நின்றபின் செய்தல் அரிது. இம்மலரின் கோப்புகளை இம்முறையிலேயே வைத்துள்ளோம். இருபது ஆண்டுகள் கழித்து இதனைத் திறப்போர் நம்மைப்போல் அலையாதிருப்பாராக.