'என் கண்ணால பார்த்தேன் மச்சி!'

பாஸ், ஒரே ஒரு நிமிஷம். இந்த வார்த்தைகளை மனசுக்குள்ள ஒருவாட்டி படிச்சுடுங்க.

மெத்தை, தலையணை, போர்வை, கொட்டாவி, பாய், குறட்டை, கனவு, இரவு, அலாரம், தாலாட்டு, கட்டில், சோர்வு.

படிச்சாச்சா? இனிமே மேல எட்டிப் பார்க்கக் கூடாது. எக்ஸாம் ஹால் ரூல்ஸ்! கொஞ்ச நேரத்துல ஒரு குட்டி டெஸ்ட் இருக்கு. அதுக்குள்ள கவரைப்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்.

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல தொத்திக்கிட்டு காலேஜ் போறவங்களுக்கு இந்த ஸ்டேஷன் அத்துப்படி. 2024 அக்டோபர் 11, ராத்திரி எட்டரை மணி வாக்கில், மைசூரில் இருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் இங்கேதான் விபத்தில் சிக்கியது. மெயின் லைனுக்கு சிக்னல் கிடைத்திருந்தும், லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் மேல் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன. ஒரு பார்சல் வேன் தீப்பிடித்தது. பலருக்குக் காயம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

எங்க க்ளாஸ்ல ஒருத்தன் அந்த ஏரியாக்காரன். அன்னிக்கு ராத்திரி ஸ்பாட்டுக்கே போனவன். போன மாசம் பேச்சுவாக்குல, "உடம்புகளை வரிசையா துணி போட்டு மூடி வெச்சிருந்தாங்க மச்சி. என் கண்ணால பார்த்தேன்"னான். யாருமே சாகலையேடான்னு சொன்னா, முகம் வெளிறிப் போச்சு. "இல்லடா, எனக்கு இப்பவும் அப்படியே தெரியுது"ங்கறான்.

பையன் புருடா விடலை. அதுக்கு முந்தின வருஷம், 2023 ஜூன் 2-ம் தேதி, ஒடிசாவின் பாலசோர் பக்கத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவும் லூப் லைன். அதுவும் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில். வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களை நாள் பூரா டி.வி.யில் பார்த்தோமே, அந்தக் காட்சி அநேகமா இதுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு. படத்தை பத்திரமா வெச்சுக்கற மூளை, 'இது எங்கிருந்து வந்தது'ங்கற லேபிளை சுலபமா தொலைச்சிடுது.

சிரிக்காதீங்க, இதுல நெதர்லாந்துக்காரங்க நமக்கு சீனியர்ஸ். 1992-ல் ஆம்ஸ்டர்டாம்ல ஒரு சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பு மேல விழுந்தது. விழுந்த அந்தக் கணத்தை யாரும் படம்பிடிக்கலை. பத்து மாசம் கழிச்சு ஆராய்ச்சியாளர்கள், "மோதுற காட்சியை டி.வி.யில பார்த்தீங்களா?"ன்னு கேட்டாங்க. 193 பேர்ல 107 பேர் "ஓ, பார்த்தோமே!"

மெமரின்னாலே நமக்கு ஹார்டு டிஸ்க்தான் ஞாபகத்துக்கு வருது. எந்த மகானுபாவன் ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சானோ! ஃபைலைத் திறந்து பார்த்தால் ஃபைல் மாறாது. ஆனா ஒரு விஷயத்தை நினைச்சுப் பார்க்கும்போதெல்லாம் மூளை அதைத் திரும்பக் கட்டுது. பக்கத்துல கிடக்கிற செங்கல்லையும் சேர்த்து! சில சமயம் அந்தச் செங்கல்லை எடுத்துக் கொடுக்கிறதே கேள்வி கேட்கிறவர்தான்.

1974-ல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ், ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார். "கார்கள் மோதினப்ப என்ன வேகம்?"னு 50 பேர்கிட்ட கேள்வி. இன்னொரு 50 பேர்கிட்ட, "அடிச்சு நொறுங்கினப்ப என்ன வேகம்?" ஒரு வாரம் கழிச்சு, "கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சா?"ன்னு எல்லாரையும் கேட்டார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. 'மோதின' கோஷ்டியில் 7 பேர், 'நொறுங்கின' கோஷ்டியில் 16 பேர் "ஆமா, கிடந்துச்சு" என்றார்கள். ஒரே ஒரு வார்த்தை செஞ்ச வேலை!

பெரியவங்களுக்கே இப்படின்னா வாண்டுகள்? வீட்டுக்கு வர்ற மாமா, அத்தை, பக்கத்து வீட்டு ஆயா எல்லாரும், "நெருப்பைப் பார்த்தியா கண்ணா? பயந்துட்டியா?"ன்னு கேட்டா, அது பாவம் என்ன செய்யும்? பெரியவங்க கேட்டா ஏதாவது காரணம் இருக்கும்னு நம்புது. 1990-களில் ஸ்டீபன் செசி குழு, மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், "உன் விரல் எலிப்பொறியில் மாட்டுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று வாரக்கணக்கில் கேட்டது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ஆனாலும் கடைசியில், நடக்காத ஒரு விஷயத்தையாவது நடந்ததாகச் சொன்ன குழந்தைகள் பாதிக்கு மேல். அந்த வீடியோக்களைப் பார்த்த நிபுணர்களுக்கே எது நிஜம், எது கற்பனை எனப் பிரிக்கத் தெரியவில்லை.

'அப்போ சின்னப் பசங்க பேச்சை நம்பவே கூடாது'ன்னு கிளம்பிடாதீங்க ப்ளீஸ். யாரும் எடுத்துக் கொடுக்காம, "என்ன நடந்துச்சு, சொல்லு"ன்னு விட்டா, குழந்தைங்க கொஞ்சமாத்தான் சொல்லும். ஆனா சொல்றது பெரும்பாலும் சரியா இருக்கும்.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். மேலே இருந்த லிஸ்ட்டில் 'பாய்' இருந்துச்சா? 'அலாரம்'? 'தூக்கம்'?

மூணுக்கும் தலையாட்டினீங்களா? இப்போ போய்ப் பாருங்க. 'தூக்கம்' கிடையாது! இந்த மாதிரி லிஸ்ட் டெஸ்ட்டில் சின்னப் பசங்களைவிட பெரியவங்கதான் அதிகம் வழுக்கி விழறாங்க. வார்த்தைகளை விட்டுட்டு சாராம்சத்தைப் பிடிச்சுக்கற சாமர்த்தியம் வயசோட வளருது. ஆக, குழந்தைக்கு கதை வெளியே இருந்து வருது. நாம அதை உள்ளேயே தயாரிச்சுக்கறோம்.

கோர்ட்டில் இது விளையாட்டு இல்லை. 2012-ம் வருஷ போக்சோ சட்டத்தின் 33-வது பிரிவுப்படி, எந்தத் தரப்பு வக்கீலும் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான். திரும்பத் திரும்ப சாட்சி சொல்லக் கூப்பிடவும் கூடாது. வழக்கை கோர்ட் எடுத்துக்கொண்ட 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது 35-வது பிரிவு. குழந்தையை மிரளவிடாமல் இருக்கத்தான் முக்கியமாக இந்த ஏற்பாடு. ஆனால், அதன் ஞாபகத்தில் அடுத்தவர் செங்கல் சேராமல் இருக்கவும் இது உதவும்.

நமக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. கவரைப்பேட்டை மாதிரி விபத்தில் ரயில்வே விசாரணை நடக்கும்போது, 'முதல்ல சத்தமா, குலுங்கலா?' என்ற சின்ன விவரம்கூட முக்கியம். நாளைக்கு நீங்க அப்படி ஒரு இடத்துல நிக்க வேண்டி வந்தா, முதல்ல அடிபட்டவங்களைத் தூக்குங்க. அப்புறம் வாட்ஸ்அப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கதை கேட்கறதுக்கு முன்னாடி, நீங்க பார்த்ததை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி, தேதியும் மணியும் போட்டு வெச்சிடுங்க.