டீக்கடையில் ஒளிந்திருக்கும் சூது

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. ஆயினும் சில டீக்கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும் ‘மூன்று நம்பர்’ சீட்டு மறைவாக நடைபெற்று வருகிறது. கேரள லாட்டரிப் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களே இதற்கு ஆதாரம்.

000 முதல் 999 வரை எண்கள் 1,000. சீட்டு ரூ. 50, பரிசு ரூ. 25,000 என்று வைத்துக்கொள்வோம். எண்ணுக்கு ஒருவர் வீதம் கட்டினால் வசூல் ரூ. 50,000, பரிசு அதில் பாதியே. மீதிப் பாதி, நாற்று நட்ட கூலியிலிருந்து போவதாகும்.

‘கடைக்காரர் நம்மூர்க்காரராயிற்றே’ என்று அங்கத்தினர்கள் தயங்குவதுண்டு. கூலியை இழந்த குடும்பமும் நம்மூர்க் குடும்பந்தானே! சோதனையிடும் அதிகாரம் போலீஸாருக்கே உண்டு. பஞ்சாயத்தார் தாமே கடைக்குள் புகலாகாது. கிராம சபையில் தீர்மானம் இயற்றி, இடமும் நேரமும் குறித்து, எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது பெறுவதே அவர்கள் கடமையாகும்.