கழலைத் திசு வளர்ப்பில் வெப்பநிலையின் பங்கு

கிரௌன் கால் என்பது அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ் எனும் பாக்டீரியா செடியின் காயத்தில் உண்டாக்கும் கழலை ஆகும். சாதாரணத் திசு வளர் ஊடகத்தில் பெருக வேண்டுமானால் ஆக்சின், சைட்டோகைனின் ஆகிய ஹார்மோன்களைச் சேர்க்க வேண்டும். கழலைத் திசுவுக்கு அவை வேண்டாம். பாக்டீரியா அழிந்த பின்னும் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

இத்தன்மை ஒரேயடியாக வருகிறதா, படிப்படியாகவா என்பதை அறிய அமெரிக்காவின் ஆர்மின் பிரவுன் வெப்பத்தைப் பயன்படுத்தினார். அவர் எடுத்துக்கொண்டது நித்தியகல்யாணிச் செடி (நம் ஊர்க் கல்லறைகளிலும் வேலியோரங்களிலும் பூப்பதுதான்). சுமார் 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அச்செடி சில நாட்கள் தாங்கும், பாக்டீரியா மடிந்துவிடும். எனவே பாக்டீரியாவின் வேலையை விரும்பிய நேரத்தில் நிறுத்த முடிந்தது.

1958இல் அவர் வெளியிட்ட முடிவு தெளிவானது. சுமார் 34 மணி நேரத்தில் நிறுத்தியபோது கழலை மெதுவாகவே வளர்ந்தது. அதன் திசு ஊடகத்தில் விரைந்து வளர ஆக்சினும் வேறு சில பொருள்களும் தேவைப்பட்டன. சுமார் 50 மணி நேரத் திசுவுக்குத் தேவை குறைவு. 4 நாட்கள் விட்டு நிறுத்திய திசுவோ எதுவும் சேர்க்காத எளிய ஊடகத்திலேயே வேகமாக வளர்ந்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பம் செடியின் செல்லுக்கு ஹார்மோன் தேவையை உண்டாக்கவில்லை. பாக்டீரியாவுக்குக் கிடைத்த நேரத்தையே குறைத்தது. பாக்டீரியா தன் டி.என்.ஏ. துண்டைச் செடியின் செல்லில் சேர்க்கிறது என்பது 1977இல் நிறுவப்பட்டது. இவ்விரு ஹார்மோன்களையும் உருவாக்கும் ஜீன்கள் அத்துண்டில் உள்ளன.

வெப்பநிலை செல்லையே நேரடியாகப் பாதிப்பதும் உண்டு. கழலை அல்லாத ஒருவகைப் புகையிலைத் திசு 26 டிகிரியில் சைட்டோகைனின் இன்றி வளர்கிறது. 16 டிகிரியில் அதற்கு அந்த ஹார்மோன் தேவைப்படுகிறது.