வெளிநாட்டில் வசித்தபடி டூரிஸ்ட் விசா: கம்ப்யூட்டரில் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர், போகிற வழியில் இன்னொரு நாட்டையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பது சகஜம். என் அப்பாவும் நினைத்தார். நான் லண்டனில் சாப்ட்வேர் என்ஜினியர். பெற்றோர் திருச்சியில். 2024 டிசம்பரில் பணி ஓய்வு பெற்ற கையோடு அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பொங்கலன்று போன் செய்தார்.

“மே மாசம் லண்டன் வர்றோம்பா. அங்கேருந்து பாரிஸ் ரெண்டு மணி நேர ரயில்தானாமே? அம்மா ஈபிள் டவர் பாக்கணுங்கிறா.”

“வாங்கப்பா. இங்க வந்தப்புறம் மூணு பேரும் சேர்ந்தே விசா போட்டுக்கலாம்” என்றேன்.

இது தவறான பதில். நல்ல வேளையாக அன்று இரவே விதிகளைப் படித்துப் பார்த்தேன்.

எங்கே விண்ணப்பிப்பது?

பிரிட்டன் விசா இருந்தால் பிரான்சுக்குப் போக முடியாது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி உள்ளிட்ட 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனியாக வேண்டும். ஒருவர் எந்த நாட்டில் சட்டப்படி வசிக்கிறாரோ, அந்த நாட்டில்தான் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே வசிப்பது என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் வேலை விசாவில் லண்டனில் வசிப்பவன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் லண்டனில் விண்ணப்பிக்கலாம். அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசிட்டர் விசாவில் வருபவர்கள். லண்டனில் இருப்பார்களே தவிர, வசிப்பவர்கள் இல்லை. சொந்த நாட்டில் ஏன் விண்ணப்பிக்க முடியவில்லை என்பதற்குத் தக்க காரணம் காட்டினால் ஒழிய, அவர்கள் சென்னையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே.

எனவே வேலையைப் பிரித்துக் கொண்டோம். பெற்றோர் முதலில் பிரிட்டன் விசாவும் பிறகு சென்னையில் ஷெங்கன் விசாவும் வாங்குவது. நான் லண்டனில் என்னுடையதை வாங்குவது. என் விண்ணப்பம்தான் சுலபம் என்று நினைத்தேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் 11 முதல் 90 யூரோ. விசா மையம் தனது சேவைக் கட்டணத்தைத் தனியே வாங்கும். மறுத்துவிட்டால் பணம் திரும்பி வராது. பயண இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். நாம் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். என் பாஸ்போர்ட் 2015இல், கல்லூரியில் சேர்ந்த வருடம் எடுத்தது. புதுப்பித்தேன், மார்ச் மாதம் புதியது கைக்கு வந்தது. இந்த விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அட்டை போய் அக்கவுண்ட் வந்தது

வெளிநாட்டில் வசிப்பவர் கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி உண்டு. நீங்கள் குடியுரிமை பெற்ற நாடு அல்லாத வேறு நாட்டில் வசிக்கிறீர்களா, ஆம் எனில் அதற்கான அனுமதி எந்தத் தேதி வரை என்று படிவத்திலேயே கட்டம் இருக்கும். பயணம் முடிந்ததும் அந்த நாட்டுக்குத் திரும்பிப் போக உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று தெரிந்து கொள்ளவே இந்தக் கேள்வி. ஹோட்டல் புக்கிங், டூர் திட்டம் எல்லாம் இதற்குப் பிறகுதான். பேங்கில் எவ்வளவு இருந்தாலும், வசிக்கும் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது என்றால் விசா கிடைப்பது கடினம்.

பிரிட்டனில் முன்பு இதற்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்திருந்தார்கள். பி.ஆர்.பி. என்று பெயர். 2024 டிசம்பர் 31உடன் அநேகமாக எல்லா அட்டைகளும் காலாவதி ஆகிவிட்டன. என் அனுமதி 2027 வரை இருந்தும் அட்டையில் 31-12-2024 என்றுதான் அச்சடித்திருந்தது. இப்போது எல்லாம் ஈவிசா. அதாவது அரசின் இணைய தளத்தில் நம் பெயரில் ஓர் அக்கவுண்ட். அனுமதி விவரம் அதற்குள் இருக்கும். படிவத்தில் அட்டையில் உள்ள தேதியைப் பார்த்து நிரப்பினால், காலாவதியான தேதியை நாமே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும். ஈவிசா பக்கத்தில் உள்ள தேதிதான் சரி.

நம் அனுமதியை இன்னொருவருக்குக் காட்ட ‘ஷேர் கோட்’ என்ற ஒன்பது எழுத்துக் குறியீட்டை உருவாக்க வேண்டும். லாக் இன் செய்து, எதற்காக வேண்டும் என்று தேர்வு செய்தால் கோட் கிடைக்கும். 90 நாள் செல்லும். நிறுவனத்துக்குக் காட்டுவதற்காக எடுத்த கோட் ‘டபிள்யூ’வில் தொடங்கும். வீட்டு ஓனருக்காக எடுத்தது ‘ஆர்’. மற்ற காரியங்களுக்கு எடுத்தது ‘எஸ்’. ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று செல்லாது.

அப்பாவின் போல்டர்

இதற்கிடையே திருச்சியில் அப்பாவுக்குப் போனிலேயே பாடம் நடந்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதை அப்படியே செய்து பார்க்கலாம்.

டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, பிறகு போல்டர் என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘விசா’ என்று பெயர் கொடுக்கச் சொன்னேன். ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு தாளும் பிடிஎப் பைலாக இதற்குள் வர வேண்டும். ஸ்கேனர் தரும் எண்கள் நிறைந்த பெயரை அப்படியே விடாமல், பைலை ஒரு முறை கிளிக் செய்து எப்2 கீயைத் தட்டி, இது யாருடையது, என்ன தாள் என்று பெயர் மாற்ற வேண்டும். பைல் மிகப் பெரிதாக வந்தால் ஸ்கேனரில் 300 டிபிஐ என்பதை 150 அல்லது 200 ஆகக் குறைத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத்தான் இருக்கும்.

பேங்க் ஸ்டேட்மென்ட் வந்ததும் அப்பா மாட்டிக் கொண்டார். நம் ஊர் பேங்க்குகள் மெயிலில் அனுப்பும் பிடிஎப் பைல் பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்டுத்தான் வரும். அதை அப்படியே கொடுத்தால் எதிரில் இருப்பவரால் திறக்க முடியாது. பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து, கண்ட்ரோல் கீயுடன் ‘பி’ அழுத்தி, பிரிண்டர் பட்டியலில் ‘மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், பாஸ்வேர்டு இல்லாத பிரதி கிடைக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது.

பிரிண்ட் எடுக்க அப்பா பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கே பாஸ்போர்ட், பேங்க் பைல்களை டவுண்லோட் செய்து பிரிண்ட் எடுத்துவிட்டு, மெயிலையும் மூடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுபடி அனுப்பினேன். முணுமுணுத்துக் கொண்டே போனார். பொதுக் கம்ப்யூட்டரில் டவுண்லோட்ஸ் போல்டரைத் திறந்து, உங்கள் பைல்களைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் கீயுடன் டெலீட் அழுத்துங்கள். வெறும் டெலீட் என்றால் அவை ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். மெயிலில் லாக் அவுட் செய்ய மறக்காதீர்கள்.

இன்னொன்று. விசா என்று தேடினால் மேலே வரும் முதல் சில முடிவுகள் விளம்பரமாக இருக்கலாம். அரசுத் தளம் போலவே தோற்றம் இருக்கும், கட்டணம் மட்டும் கூடுதலாக இருக்கும். முகவரியின் முடிவைப் பாருங்கள். பிரிட்டன் அரசு என்றால் ‘ஜிஓவி டாட் யுகே’, பிரான்ஸ் அரசு என்றால் ‘ஜிஓயுவி டாட் எப்ஆர்’ என்று முடியும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பெற்றோர் இருவருக்கும் ஷெங்கன் விசா கிடைத்துவிட்டது. மே 26ஆம் தேதிக்கு மூன்று ரயில் டிக்கெட் எடுத்திருந்தேன், பணம் திரும்ப வராத டிக்கெட்.

கவுண்டரில் அரை மணி நேரம்

ஏப்ரல் 24, காலை 11 மணி. லண்டனில் விசா மையம். இன்சூரன்ஸ், சம்பளச் சீட்டு, ஆபீஸ் கடிதம் எல்லாம் வரிசையாக வைத்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஷேர் கோட் இருந்த தாளை எடுத்தார்.

“இது டபிள்யூவில் தொடங்குகிறதே? இது நிறுவனத்துக்குக் காட்டுகிற கோட். வேறு எடுத்து வாருங்கள்.”

ஜனவரியில் ஆபீசுக்காக எடுத்த கோடையே பிரிண்ட் செய்திருந்தேன். சாப்ட்வேர் என்ஜினியர்! சரி, போனிலேயே புதிதாக எடுக்கலாம் என்று தளத்தைத் திறந்தேன். பாஸ்போர்ட் எண் கேட்டது. கொடுத்தேன், ஏற்கவில்லை. மறுபடி கொடுத்தேன், ஏற்கவில்லை. அப்போதுதான் உறைத்தது. அக்கவுண்ட் பழைய பாஸ்போர்ட்டில் தொடங்கியது. புதியது வந்த பிறகு அதை அக்கவுண்டில் மாற்றவே இல்லை. பழைய பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில். எண் எனக்கு மனப்பாடம் இல்லை. அரை மணிக்குள் கொண்டு வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வேறு தேதி வாங்குங்கள் என்றார் அவர். தளத்தில் அடுத்த காலி இடம் மூன்று வாரம் கழித்துத்தான். அதன் பிறகு பரிசீலனைக்கு 15 நாள் வரை ஆகும். மே 26 தாண்டிவிடும்.

பெற்றோரின் பிரிட்டன் விசாவுக்காக ஜனவரியில் என் பாஸ்போர்ட் நகலை அப்பாவுக்கு அனுப்பியது நினைவுக்கு வந்தது. அப்போது இருந்தது பழைய பாஸ்போர்ட்தான். திருச்சிக்குப் போன் போட்டேன். அங்கே மாலை மூன்றரை மணி, தூங்கும் நேரம்.

“அப்பா, என் பாஸ்போர்ட் காப்பி இருக்கா?”

“இருக்குப்பா. இரு, கம்ப்யூட்டரை ஆன் பண்றேன்.”

கம்ப்யூட்டர் ஆன் ஆகும் வரை இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு மவுஸ் கிளிக் சத்தம் கேட்டது. “விசா போல்டர்... இதோ, மகன் பாஸ்போர்ட்னு பேர் போட்டு வச்சிருக்கேன். எழுதிக்கிறியா?” ஓர் எழுத்து, ஏழு எண்கள். இரண்டு முறை நிதானமாகப் படித்தார். லாக் இன் ஆனது. போனுக்கு வந்த ஓடிபியைக் கொடுத்ததும் ‘எஸ்’ஸில் தொடங்கும் கோட் கிடைத்தது. கவுண்டரில் வாங்கிக் கொண்டார்கள். விரல் ரேகை பதிந்தார்கள். 59 மாதத்துக்குள் மறுபடி விண்ணப்பித்தால் பெரும்பாலும் அதையே பயன்படுத்துவார்கள். பதின்மூன்றாம் நாள் விசா வந்தது.

திரும்பி வருவதற்கு

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புதிய பாஸ்போர்ட்டை ஈவிசா அக்கவுண்டில் சேர்க்க விண்ணப்பித்தேன். ஒன்பது நாளில் மாறிவிட்டது. இதைச் செய்யாமல் கிளம்பியிருந்தால் பாரிசுக்குப் போய்விடலாம்; திரும்பும்போதுதான் சிக்கல். பிரிட்டனுக்கு வருபவரின் பாஸ்போர்ட்டை வைத்துத்தான் அவருடைய ஈவிசாவைத் தேடுவார்கள். கையில் இருக்கும் பாஸ்போர்ட் அக்கவுண்டில் இல்லை என்றால் வண்டி ஏறும் இடத்திலேயே நிறுத்தி வைக்கலாம். பெற்றோருக்கு அந்தக் கவலை இல்லை. அவர்கள் பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது, பலமுறை போய் வரலாம் என்ற வகை.

லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறும் முன்பே பிரான்ஸ் அதிகாரிகள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். லண்டனில் நின்றுகொண்டே பிரான்சுக்குள் நுழைந்துவிட்டோம் என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். (2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் முகப் படம், விரல் ரேகை எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்தார்கள்.) திரும்பும்போது பாரிசின் கார் து நோர் ஸ்டேஷனில் பிரிட்டன் சோதனை. என் பாஸ்போர்ட்டை மிஷினில் வைத்துப் பார்த்த அதிகாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மா எடுத்த 212 படங்களும் இப்போது திருச்சிக் கம்ப்யூட்டரில், தேதி வாரியாகத் தனித்தனி போல்டரில் இருக்கின்றன. வேலை முடிந்துவிட்டது, விசா போல்டரை அழித்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். மற்ற பைல்களை அழித்தார். என் பழைய பாஸ்போர்ட் பைலை மட்டும் அழிக்க மறுத்துவிட்டார்.