அகழி மேல் ஓடும் பஸ்

திருச்சி மெயின்கார்டு கேட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் பக்கத்திலிருக்கும் அந்தப் பழைய கல்வாசலை ஏறிட்டுப் பார்த்திருப்பார்கள்? ஒரு காலத்தில் மலைக்கோட்டையையும் ஊரையும் சேர்த்து வளைத்திருந்த மதிலில் மிஞ்சியது அதுதான். மதிலுக்கு வெளியே அகழி இருந்தது. அதன் அகலம் ஏறக்குறைய 30 அடி என்று 18ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார்.

கர்நாடகப் போர்கள் ஓய்ந்தபின் கோட்டைக்கு வேலையில்லை. 19ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள். அங்கே பிறந்தவைதான் மேலப்புலிவார்டு ரோடும் கீழப்புலிவார்டு ரோடும். நெருக்கமான ஊருக்குள் இவ்வளவு நீளத்துக்கு இன்று ஒரு சாலை வெட்டுவதென்றால் எத்தனை வீடுகளை இடிக்க வேண்டும், எத்தனை வழக்குகளைச் சந்திக்க வேண்டும்! அகழியில் அந்தத் தொல்லை இல்லை. யாரும் குடியிருக்கவில்லை, சொந்தக்காரர் ஒருவரே, முனை முதல் முனை வரை அறுபடாத நிலம். நகர வடிவமைப்பில் காலியிடத்தின் பரப்பைவிட இந்தத் தொடர்ச்சிக்குத்தான் மதிப்பு அதிகம். வியன்னாவிலும் 1857இல் கோட்டைச் சுவரை இடிக்கப் பேரரசர் ஆணையிட்டார். அங்கே சுவருக்கு வெளியே பரந்த திடல் இருந்ததால் மனைகளை விற்ற பணத்திலேயே பெரிய கட்டடங்கள் எழுந்தன. நமக்குக் கிடைத்தது ஒடுங்கிய பட்டை. அதனால் சாலையோடு நின்றது.

நம் காலத்திலும் திருச்சிக்கு அப்படி ஒரு நீண்ட காலியிடம் கிடைத்தது. திருவானைக்காவலையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம். 1928இல் கட்டியது. 2016இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்ததும் இதில் போக்குவரத்து நின்றது. காலை நடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நியூயார்க்கில் 1980இல் ரயில் ஓட்டம் நின்ற உயரப் பாதை ஒன்று 2009இல் ஹை லைன் பூங்காவாகத் திறக்கப்பட்டது. இதையும் அப்படி ஆக்கியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதன் தூண்கள் நிற்பது தெருவில். இதன் தூண்கள் நின்றது ஆற்று மணலில்.

வெள்ளம் தூணில் மோதும்போது நீரின் ஒரு பகுதி தூணை ஒட்டியே கீழ்நோக்கிப் பாயும். தரையைத் தொட்டதும் குதிரை லாட வடிவில் சுழன்று, தூணடி மணலைத் தோண்டி எடுத்துப் போகும். விசித்திரம் என்னவென்றால், வெள்ளம் வடியும்போது புது மணல் வந்து அந்தப் பள்ளத்தை மூடிவிடும். மேலே நின்று பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். புது மணலோ இறுகாத மணல், பாரம் தாங்காது.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஒரு பகுதி ஆற்றோடு போயிற்று. மிச்சத்தையும் பின்னால் இடிக்க வேண்டியதாயிற்று.

வண்டி ஓடாத பாலத்தைக் காலியான பாலம் என்று நாம் நினைக்கிறோம். ஆற்றுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அடுத்த முறை ஒரு பழைய பாலத்தைப் பூங்காவாக்கத் திட்டம் போடுகிறவர்கள், முதலில் தூணடியைச் சோதித்துவிட்டு அப்புறம் பூஞ்செடி வாங்கட்டும்.