எலும்பு கூடிய பிறகும் எரியும் கை

புக்கிட் பெலண்டோக் என்ற பெயர் உலக மருத்துவ நூல்களில் ஏறியது நிப்பா கிருமியால். 1998, 1999-ஆம் ஆண்டுகளில் பரவிய அந்த நோயை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் புதிய கிருமி பிடிபட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. இன்று நாம் பார்க்கப்போவது கிருமியே இல்லாத ஒரு நோய். இரத்தச் சோதனையில் அகப்படாது. எக்ஸ்ரேயிலும் பல நேரம் தெரியாது. மருத்துவர் காதால் கேட்டு, கண்ணால் பார்த்து, தொட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மாவை எண்ணிப் பாருங்கள். குளியலறை ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். மணிக்கட்டில் முறிவு. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறு வாரத்தில் கட்டைப் பிரிக்கும்போது எலும்பு நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனால் கை நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது. காற்றாடிக் காற்று பட்டாலும், சேலை உரசினாலும் துடித்துப் போகிறார். ஒரு நாள் கை சிவந்து சுடுகிறது, இன்னொரு நாள் நீலம் பாய்ந்து சில்லிடுகிறது. வீக்கம் வற்றவில்லை. அந்தக் கை மட்டும் வியர்க்கிறது.

“அதான் எலும்பு கூடிருச்சே, இன்னும் என்னம்மா வலி?” என்று வீட்டில் கேட்பார்கள். இதே வலி செம்பனைக் குலை வெட்டும் ஆளுக்கு வந்தால், மருத்துவ விடுப்புக்காக நடிக்கிறார் என்று பேச்சு கிளம்பும்.

அது நடிப்பில்லை. சிக்கலான மண்டல வலி நோய்த்தொகுதி என்பது அதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஆர்.பி.எஸ். என்பார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்கள் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு இந்த எரிச்சலோடு தவித்ததை சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் அப்போதே எழுதிவைத்தார். இப்போதைய பெயரை அனைத்துலக வலி ஆய்வுக் கழகம் 1994-இல் வைத்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற வயதினருக்கு, இது அதிகம் வருகிறது. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு அடிக்கடி காணப்படுகிறது.

அடிபட்ட இடம் சிவந்து வீங்கி வலிப்பது இயல்பு; காயம் ஆறினால் அடங்கிவிடும். இந்த நோயில் அது அடங்குவதில்லை. நரம்பு முனைகள் அழற்சிப் பொருள்களைத் தொடர்ந்து கசியவிடுகின்றன. இரத்தக் குழாய்களையும் வியர்வையையும் ஆளும் நரம்புகளும் தடம் மாறுகின்றன. மூளை அந்தக் கையைப் பற்றி வைத்திருக்கும் வரைபடமும் கலைகிறது. “இது என் கை மாதிரியே இல்லை” என்று நோயாளி சொன்னால், வீட்டார் அதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று.

கண்டறிய 2003-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர்கள் ஒரு வரையறை வகுத்தார்கள். காயத்துக்குப் பொருந்தாத, நீடித்த வலி இருக்க வேண்டும். அதோடு நான்கு வகை மாற்றங்களைப் பார்க்கிறார்கள்: தொட்டாலே வலிப்பது; நிறமும் சூடும் மற்றக் கையிலிருந்து மாறுபடுவது; வீக்கமோ வியர்வையோ; விரல் மடங்காமை, நடுக்கம், நகம், முடி, தோல் மாறுவது. இவற்றுள் மூன்று வகையை நோயாளி சொல்லியிருக்க வேண்டும், இரண்டையாவது மருத்துவர் நேரில் காண வேண்டும். கடைசி நிபந்தனைதான் முக்கியம்: வேறு நோய் எதுவும் இதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. கிருமித் தொற்று, நரம்பு அழுத்தம், எலும்பு சரியாகக் கூடாமை, காலில் என்றால் இரத்தக்கட்டி ஆகியவற்றை முதலில் விலக்குவார்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிவந்த வீக்கத்தைத் தாங்களாகவே சி.ஆர்.பி.எஸ். என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. கட்டுக்குள் இருக்கும்போதே விரல்கள் நீலமாகி மரத்துப்போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சையின் அச்சாணி அசைவு. வலிக்கு அஞ்சிக் கையைத் தூளியில் தொங்கவிட்டால் மூட்டு இறுகும், தசை மெலியும், நோயும் வேரூன்றும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுவதும் தீங்குதான். பஞ்சால் மெல்லத் தொட்டு, பிறகு துணி, பிறகு துண்டு என்று தோலைப் பழக்க வேண்டும். வலி மாத்திரைகள், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், தொடக்கத்தில் சில நாள் ஸ்டீராய்டு, தேவைப்பட்டால் நரம்புத் தடுப்பு ஊசி என எல்லாமே கையை அசைக்க வழிவிடுவதற்காகத்தான்.

கண்ணாடிச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் ‘இல்லாத கை’ வலிக்காக 1990-களில் கலிபோர்னியாவில் உருவாக்கியது. மேசைமேல் கண்ணாடியை நிறுத்தி, நோயுற்ற கையை அதன் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் மெதுவாக அசைப்பார்கள். வலியில்லாமல் அசையும் கையைக் கண் மூளைக்குக் காட்டுகிறது. இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர்கள் 2003-இல் எட்டு நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். நோய் தொடங்கி எட்டு வாரத்துக்குள் வந்தவர்களுக்கு வலி குறைந்தது. இரண்டு ஆண்டு கடந்தவர்களுக்குப் பலனில்லை. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் காலம் தாழ்த்தக் கூடாது என்பதை அந்த ஆய்வு நன்றாகவே காட்டியது.

மலேசிய சுகாதார அமைச்சு 2008-இல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக அறிவித்தது. நாடித்துடிப்பைப்போல வலியையும் கேட்டுக் குறிக்க வேண்டும் என்பது அதன் பொருள். எனவே கட்டுப் பிரித்துச் சில வாரமாகியும் எரிச்சல் தணியவில்லை என்றால், கிளினிக்கில் சும்மா “வலிக்குது” என்பதோடு நிறுத்தாதீர்கள். வலி நிபுணரிடமோ பிசியோதெரபிக்கோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வேலையிடத்து விபத்தென்றால் சொக்சோவிடமும் விசாரியுங்கள். மலாக்காவில் அதற்கு மறுவாழ்வு மையம் உண்டு. நிறமும் வீக்கமும் வந்து வந்து போகும், மருத்துவரைப் பார்க்கும் வேளையில் கை சாதாரணமாக இருந்துவிடலாம். ஆகவே மாறும்போதெல்லாம் இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துக் கைப்பேசியில் படமெடுத்து, தேதியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.